அதிரடிப்படையால் ஆவதும் ஆகாததும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளும் புதுச்சேரி ஜிப்மரும் நிரம்பின. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருந்த தெரு அது. அடுத்த சில நாட்களில் போலீஸ் படை வரிசையாகக் கல்வராயன் மலை ஏறியது. ஊறல் பேரல்கள் உடைக்கப்பட்டன, அடுப்புகள் இடிக்கப்பட்டன, படங்கள் நாளிதழ்களில் வந்தன.

கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவது புதிதல்ல. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி, லாரி டியூபில் அடைத்துக் கீழே இறக்குவது பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த தொழில். ஆனால் கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைகளுக்குப் போகும் வேதிப்பொருள். சமவெளியில், லாரியில், ரசீதோடும் ரசீது இல்லாமலும் கைமாறும் சரக்கு. முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அந்த இரண்டு இடங்களுக்கும் பக்கத்தில் கல்வராயன் போன்ற மலை கிடையாது.

இருந்தும் படை மலைக்குத்தான் போனது. ஒரு சிக்கல் கைமீறிப் போனதும் 'படை அனுப்பு' என்பதே நம் அரசுகளின் முதல் அசைவாக இருக்கிறது. சிறப்புப் படைகள் எதற்கு, எப்போது பயன்படுகின்றன, எப்போது வீணாகின்றன, எப்போது தீங்காகவே முடிகின்றன என்ற கேள்வியைக் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து கேட்டுப் பார்ப்பது தில்லியிலிருந்து கேட்பதைவிடப் பொருத்தமானது. ஏனென்றால் இந்த மலையும் இதையொட்டிய சித்தேரி, ஜவ்வாது மலைகளும் படைகளை வெவ்வேறு உருவில் பார்த்திருக்கின்றன.

முதலில் கொஞ்சம் தரம் பிரித்துக்கொள்ள வேண்டும். நாளிதழில் தினமும் வருகிற 'தனிப்படை' என்பது ஒரு எஸ்.ஐ.யும் நான்கைந்து போலீஸ்காரர்களும் ஒரு ஜீப்பும்தான். வழக்கு முடிந்தால் கலைந்துவிடும். அதற்கு மேல் மாநிலங்களின் நிரந்தரச் சிறப்புப் படைகள்: தமிழ்நாட்டின் சிறப்பு அதிரடிப்படை, கமாண்டோ படை, அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் கிரேஹவுண்ட்ஸ். அதற்கும் மேலே மத்திய உள்துறையின் கீழ் தேசியப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்.பின் கோப்ரா பட்டாலியன்கள். உச்சியில் ராணுவத்தின் பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருட். 'அமரன்' படம் பார்த்துவிட்டு மேஜர் முகுந்த் வரதராஜனைச் சிறப்புப் படை அதிகாரி என்று பேசுபவர்கள் உண்டு. அவர் ராஜ்புத் ரெஜிமென்ட்டிலிருந்து ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸுக்குப் போய்ப் பணியாற்றியவர். அது காஷ்மீரில் நிலைகொண்டு நிற்கிற படை. ஓர் ஊரில் வருடக்கணக்கில் தங்கி ஒவ்வொரு வீட்டையும் அறிந்துகொள்கிற படைக்கும், இரவில் இறங்கி விடிவதற்குள் திரும்பிவிடுகிற படைக்கும் வேலையே வேறு.

இந்த இரண்டாவது வகையின் தொடக்கம் இரண்டாம் உலகப் போர். 1941-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டேவிட் ஸ்டிர்லிங் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு எதிரியின் விமானத் தளங்களுக்குள் புகுந்து விமானங்களைத் தரையிலேயே கொளுத்தலாம் என்று காட்டினார். எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படை அப்படிப் பிறந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் இல்லாத ஜெர்மன் போலீஸ் தடுமாறியது. அதன் பிறகுதான் பணய மீட்புக்கென்று தனிப்படைகள் உலகெங்கும் எழுந்தன. ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி. 9 அந்த ஆண்டிலேயே உருவானது.

இந்தியாவில் வரிசை சற்று மாறியது. 1962 சீனப் போரின் அடியிலிருந்து, திபெத்திய அகதிகளைக் கொண்டு சிறப்பு எல்லைப்புறப் படை சக்ராதாவில் உருவானது. 1965 பாகிஸ்தான் போரில் மேஜர் மேக் சிங் தொண்டர்களைச் சேர்த்து எதிரி எல்லைக்குள் புகுந்து திரும்பிய 'மேக்தூத்' படையிலிருந்து அடுத்த ஆண்டு பாரா கமாண்டோ பட்டாலியன் வந்தது. 1984 பொற்கோயில் நடவடிக்கைக்குப் பின் தேசியப் பாதுகாப்புப் படைக்கான முடிவு எடுக்கப்பட்டு, 1986-ல் அதற்குச் சட்டம் வந்தது. மார்கோஸ் 1987. கருட் 2004. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தோல்வியோ அதிர்ச்சியோ நிற்கிறது. முன்கூட்டி யோசித்து உருவாக்கியது என்று சொல்ல அதிகம் கிடையாது.

இவற்றில் சேர்வது எளிதல்ல. பாரா சிறப்புப் படையின் தேர்வுக்காலம் மாதக்கணக்கில் நீளும். வந்தவர்களில் பெரும்பகுதி பாதியிலேயே திரும்பிப் போவார்கள். அந்தக் கழிப்பே அதன் பலம். இப்படிப் பொறுக்கி எடுத்த ஆட்கள் எண்ணிக்கையில் எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்க முடியும். ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கினால் அது சிறப்புப் படையாக இருக்காது. எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்கள் எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று சொல்லும் உளவுத் தகவல் துல்லியமாக இருக்க வேண்டும். தகவல் தப்பினால் அவர்களின் வேகமே எமனாகிவிடும்.

இதற்குத் தமிழ் வாசகருக்கு மிக அருகில் உள்ள சான்று யாழ்ப்பாணம். 1987 அக்டோபர் 11 நள்ளிரவில், பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த புலிகளின் தலைமையைப் பிடிக்க இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கியது. 10 பாரா கமாண்டோக்களும் 13 சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளட்டூனும். புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சுற்றிலும் காத்திருந்தார்கள். சீக்கியப் படையில் இறங்கிய முப்பது பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் மறுநாள் டாங்குகள் வந்து மீட்கும்வரை வீடுகளுக்குள் ஒண்டி நின்று போரிட்டார்கள். அவர்களின் வீரத்தில் குறையில்லை. எதிரி எங்கே, எத்தனை பேர், என்ன தெரிந்துவைத்திருக்கிறான் என்பதில்தான் குறை. அதே மாதத்தில் லெப்டினன்ட் அரவிந்த் சிங் தலைமையில் கடற்படை கமாண்டோக்கள் குருநகர் இறங்குதுறைக்கு நீந்திப் போய் வெடிவைத்துத் திரும்பினார்கள். எல்லை தெரிந்த வேலை, பொருள் தெரிந்த இலக்கு. வெற்றி.

பொற்கோயிலிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 1984 ஜூனில் கமாண்டோக்கள் இருட்டில் நேராக உள்ளே அனுப்பப்பட்டார்கள். இழப்பு பெரிது, கடைசியில் டாங்கு உள்ளே போனது, அதன் காயம் நாட்டையே உலுக்கியது. 1988 மே மாதத்தில் அதே இடத்தை மீண்டும் தீவிரவாதிகள் பிடித்தபோது, தேசியப் பாதுகாப்புப் படை உள்ளே பாயவில்லை. சுற்றி உயரமான இடங்களில் குறிபார்த்துச் சுடுபவர்களை நிறுத்தினார்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுமார் இருநூறு பேர் கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். சிறப்புப் படை வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த 'ஆபரேஷன் பிளாக் தண்டர்'. அதில் அதிரடி குறைவு, காத்திருக்கும் கட்டுப்பாடு அதிகம்.

காத்திருப்பும் எப்போதும் கைகொடுக்காது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1991 ஆகஸ்டில் பெங்களூரு கோணனகுண்டேயில் சிவராசனும் சுபாவும் ஒளிந்திருந்த வீடு கண்டுபிடிக்கப்பட்டது. கறுப்புப் பூனைகள் எனப்படும் தேசியப் பாதுகாப்புப் படையினர் வந்தார்கள். சயனைடு முறிவு மருந்துக்காகவும் அனுமதிக்காகவும் ஒன்றரை நாள் போனது. உள்ளே நுழைந்தபோது அங்கே இருந்தவை பிணங்கள். 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது, தேசியப் பாதுகாப்புப் படை தில்லிக்குப் பக்கத்து மானேசரில் இருந்தது. அவர்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானம் சண்டிகரிலிருந்து வர வேண்டியிருந்தது. மும்பையில் அவர்கள் கால்வைக்கும்போது விடிந்துகொண்டிருந்தது. மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் உயிர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் தாஜ் ஹோட்டல் மீட்கப்பட்டது. அதன் பின்னரே மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் அப்படையின் மையங்கள் வந்தன. சென்னை மையம் இன்று தமிழகத்தின் கடைசிப் பாதுகாப்பு வரிசை. கப்பல், விமான நிலையம், அணுமின் நிலையம், பெரிய ஹோட்டல் என எதில் பணயச் சிக்கல் வந்தாலும் வரவேண்டியவர்கள் அவர்கள். அந்த வகை வேலைக்கு மாற்றே கிடையாது.

ஆனால் தமிழ்நாட்டில் பலருக்குக் கறுப்புப் பூனை என்றால் நினைவுக்கு வருவது ஜெயலலிதாவின் காருக்குப் பக்கத்தில் ஓடியவர்கள்தான். பணய மீட்புக்காகப் பொறுக்கி எடுத்த ஆட்களை அரசியல் தலைவர்களின் மேடைகளில் நிறுத்திவைத்த பழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2024-ல்தான் இந்தப் பணியை சி.ஆர்.பி.எஃப்.பிடம் ஒப்படைக்க உள்துறை முடிவெடுத்தது. தாமதமான நல்ல முடிவு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இனி நம் மாநிலத்தின் பெரிய கதைக்கு வருவோம். சந்தனக் கடத்தல் வீரப்பனைப் பிடிக்கக் கர்நாடகம் 1990-ல் அதிரடிப்படை அமைத்தது, தமிழகம் 1993-ல். அந்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி பாலாற்றுப் பக்கம் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் சிதறினார்கள். போலீஸ் அதிகாரி 'ரேம்போ' கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு பிழைத்தார். அதற்கு முன் வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ், மைசூர் எஸ்.பி. ஹரிகிருஷ்ணா ஆகியோர் கொல்லப்பட்டிருந்தார்கள். வால்டர் தேவாரம் தலைமையில் தமிழக அதிரடிப்படை காட்டுக்குள் இறங்கியது. எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தது. கும்பலின் பெரும்பகுதி அடுத்த சில ஆண்டுகளில் அழிந்தது. ஆனாலும் 2000 ஜூலை 30 இரவு வீரப்பன் தாளவாடிப் பக்கம் காஜனூருக்கே வந்து நடிகர் ராஜ்குமாரைக் கூட்டிப்போனான். 108 நாள் இரண்டு மாநில அரசுகளும் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. 2002-ல் கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார்.

2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் வேட்டை முடிந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமாரின் கீழ், செந்தாமரைக்கண்ணன் போன்ற அதிகாரிகளின் திட்டத்தில், வீரப்பனின் வட்டத்துக்குள்ளேயே ஆள் நுழைக்கப்பட்டது. கண் பார்வை மங்கிய வீரப்பன் சிகிச்சைக்காகக் காட்டைவிட்டு வெளியே வரச் சம்மதித்தான். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, சேலம் மருத்துவமனைப் பெயர் எழுதிய ஆம்புலன்ஸில் ஏறி வந்தவன், சேத்துக்குளி கோவிந்தன் உள்ளிட்ட கூட்டாளிகள் மூவரோடு சாலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். முன்பே பிடித்துவைத்துச் சுட்டார்கள் என்ற சந்தேகத்தை மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுப்பின. அது எப்படியிருந்தாலும், பதினோரு ஆண்டு காடு சல்லடை போட்ட படையின் வேலையை முடித்தது சில அதிகாரிகளின் பொறுமையும் உளவும். அதிரடிப்படை என்ற பெயரில் இருந்த 'அதிரடி' அந்தக் கடைசி அரைமணி நேரம் மட்டுமே.

அந்தப் பதினோரு ஆண்டில் காட்டுக்குள் இருந்த சாதாரண மக்களுக்கு நேர்ந்ததைப் படைகளின் வரலாற்றுக்கு அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க் ஷாப்' என்று மக்கள் பேர்வைத்த முகாமில் நடந்த சித்திரவதைகளைச் சோளகரும் லிங்காயத்துகளும் சதாசிவா குழுவின் முன் வந்து சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த குழு அது. 2007-ல் ஆணையம் 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு தரச் சொன்னது. தடா சட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் மைசூர் சிறையில் கிடந்து, பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று 2001-ல் விடுதலையானார்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் இந்தக் காலத்தைப் பற்றியதுதான். வீரப்பன் இறந்ததும் அதிரடிப்படையினருக்கு ஒரு படி பதவி உயர்வும் வீட்டுமனையும் ரூ.3 லட்சமும் உடனே அறிவிக்கப்பட்டன. அடிபட்டவர்கள் இழப்பீட்டுக்கு அலைந்தார்கள். இரண்டு கணக்கையும் ஒரே அரசுதான் எழுதியது.

கல்வராயன் பக்கம் இதன் நிழல் வேறு வழியில் விழுந்தது. வீரப்பன் காடு மேற்கே, கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஆனால் சந்தனமரம் இரண்டு பக்கமும் இருந்தது. கல்வராயனுக்கு அடுத்த சித்தேரி மலையின் அடிவாரத்தில், அரூர் வட்டத்தில் வாச்சாத்தி. அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடிகளும் கல்வராயன் மலைமேல் வாழ்பவர்களும் ஒரே இனம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்த கூட்டுப்படை அந்த ஊருக்குள் போனது. ஊரே சூறையாடப்பட்டது, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள். மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29-ல் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டு. அந்தப் படை கமாண்டோ படை அல்ல என்பது உண்மை. 'தேடுதல் வேட்டை' என்ற பெயரில் வழக்கமான கட்டுப்பாடுகளுக்கு வெளியே ஒரு கூட்டத்தை மலைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்த மாநிலத்தில் இல்லை.

அடுத்தது செம்மரம். சந்தனம் தீர்ந்த பிறகு இந்த மலைகளின் ஆண்களை மேஸ்திரிகள் சேஷாசலம் காட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மூன்றிலிருந்தும் போனார்கள். சாமையும் மரவள்ளியும் ஒரு பருவம் முழுக்கத் தருவதை மரவெட்டு சில நாளில் தந்தது. ஆந்திரம் செம்மரக் கடத்தல் தடுப்புக்கென்று தனி அதிரடிப்படை அமைத்தது. 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில் அந்தப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பலர் மலைவாழ் மக்கள். கல் எறிந்தார்கள், தாக்கினார்கள் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் தப்பிவந்தவர்கள். மரத்தை வாங்கி ஏற்றுமதி செய்யும் பெரிய கைகளில் ஒன்றுகூட அந்த இருபதில் இல்லை.

ஆந்திரத்தைச் சொல்லும்போது கிரேஹவுண்ட்ஸையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. 1989-ல் கே.எஸ். வியாஸ் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி உருவாக்கிய படை அது. மாவோயிஸ்ட்டுகளைப் போலவே காட்டில் சிறு குழுக்களாகத் திரிவது, சாலையில் வண்டியில் போகாதிருப்பது, ஒரே இடத்தில் தங்காதிருப்பது என்று போலீஸின் பழைய பழக்கங்களை எல்லாம் கைவிட்டது. 1993-ல் வியாஸ் ஹைதராபாத்தில் நக்சலைட்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2008-ல் பலிமேலா நீர்த்தேக்கத்தில் படகில் போனபோது கிரேஹவுண்ட்ஸ் சுமார் நாற்பது பேரை இழந்தது. இருந்தும் ஆந்திரக் காடுகளில் மாவோயிஸ்ட்டுகள் தளர்ந்ததற்கு அந்தப் படை ஒரு காரணம் என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். போலி மோதல் புகார்களும் அதன் மேல் ஏராளம். ஆயுதம் ஏந்திய, அணிதிரண்ட எதிரி இருந்தான். அதற்கேற்ற படை வெற்றி கண்டது. செம்மரக் காட்டில் கோடாலியோடு போன கூலிக்காரன் அப்படிப்பட்ட எதிரி இல்லை. ஒரே மாநிலத்தின் இரண்டு படைகளுக்குள் உள்ள வேறுபாடு அதுதான்.

தவறான தகவலோடு போன உச்சப் படையும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 2021 டிசம்பர் 4 மாலை நாகாலாந்தின் ஓட்டிங்கில் 21 பாரா சிறப்புப் படை, தீவிரவாதிகள் வருவதாக நினைத்து, சுரங்க வேலை முடித்துச் சரக்கு வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்களைச் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். தொடர்ந்த கலவரத்தில் மேலும் பலர். மாநிலப் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது, மத்திய அரசு வழக்கு நடத்த அனுமதி மறுத்தது. அதனால் 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது. ரகசியம் தேவைப்படுகிற படைகளுக்குத் தணிக்கை இல்லாமல் போனால் இப்படித்தான் முடியும். 2016 செப்டம்பரில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியதும், 2015-ல் மியான்மர் எல்லையில் நடத்திய தாக்குதலும் இதே வகைப் படைகள் செய்தவை. அவற்றைக் கொண்டாடுகிற நாடு ஓட்டிங்கையும் அதே ஏட்டில் எழுதிவைக்க வேண்டும்.

திரும்பக் கல்வராயனுக்கு. கள்ளக்குறிச்சி 2019-ல்தான் தனி மாவட்டமானது. மலை மட்டும் சேலம், கள்ளக்குறிச்சி, தருமபுரி என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. நெடுங்காலம் ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை. வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகப் போக ஊர்கள் தூரம் தூரமாகக் கிடக்கின்றன. ஓர் ஊறலை அழிக்கப் போலீஸ் மலை ஏறுவதற்குள் தகவல் ஏறிவிடும். காய்ச்சுபவர் காட்டுக்குள் நழுவிவிடுவார், பேரல் மட்டும் கிடைக்கும். அடுத்த வாரம் இன்னொரு ஓடைக்கரையில் அடுப்பு எரியும். பல ஆண்டுகளாக இதே ஆட்டம். இதில் படையின் அளவைக் கூட்டினால் உடையும் பேரல்களின் எண்ணிக்கை கூடும். வேறெதுவும் மாறாது.

விஷச்சாராயச் சாவுக்குப் பிறகு அரசு செய்தவற்றில் பயனுள்ளவை எல்லாம் படை சாராதவை. மதுவிலக்குச் சட்டம் அதே மாதம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனையும் ரூ.10 லட்சம் அபராதமும்வரை போனது. எஸ்.பி. பணியிடை நீக்கம், ஆட்சியர் மாற்றம். நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம். வழக்கு முதலில் சி.பி.சி.ஐ.டி.யிடம், பின்னர் நவம்பரில் உயர்நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.யிடம். கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றி உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவம், ரேஷன் என்று ஒவ்வொன்றாக அரசைக் கேட்டது. சாராயச் சாவில் தொடங்கிய விசாரணை சாலையில் வந்து நின்றது தற்செயல் அல்ல. லாரி டியூபைத் தோளில் சுமந்து இறங்குகிறவனுக்கு வேறு வழியில் வருமானம் இருந்திருந்தால் இந்தத் தொழில் இத்தனை காலம் ஓடியிருக்காது.

கள்ளக்குறிச்சிக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2022 ஜூலை 17 அன்று கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து தனியார் பள்ளி தாக்கப்பட்டு, பேருந்துகள் கொளுத்தப்பட்டன. நாலு நாளாகப் பொங்கிக்கொண்டிருந்த கோபம் சமூக ஊடகங்களில் வெளிப்படையாகவே ஒருங்கிணைந்தது. அன்று காலை அங்கே போதுமான போலீஸ் இல்லை. உளவுப் பிரிவு ஒரு நாள் முன்னதாக விழித்திருந்தால் நூறு சாதாரணக் காவலர்களே போதுமாக இருந்திருக்கும். பிறகு எத்தனை படை வந்தும் எரிந்தது எரிந்ததுதான்.

சிறப்பு அதிரடிப்படையை வீரப்பனுக்குப் பின் கலைத்திருக்க வேண்டும் என்று வாதிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் காட்டில் மாவோயிஸ்ட் குழுக்களைக் கண்காணிக்க அது தேவைப்பட்டது. காடு தெரிந்த காவலர்களை ஒரு மாநிலம் ஒரே நாளில் உருவாக்கிவிட முடியாது. 2022 கோவை கார் வெடிப்புக்குப் பின் தனியாகத் தீவிரவாதத் தடுப்புப் பிரிவு அமைக்கும் முடிவும் சரியே. கடற்கரை நீண்ட மாநிலம், இரண்டு அணுமின் வளாகங்கள், பெரிய துறைமுகங்கள். தயார்நிலையில் ஒரு சிறிய, கூர்மையான படை இருந்தே ஆக வேண்டும். அது பல ஆண்டுகள் வேலையில்லாமல் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தால் அதற்காகச் சட்டமன்றத்தில் யாரும் வருத்தப்படத் தேவையில்லை. சும்மா இருக்கிறார்களே என்று சாராய ஊறலுக்கும் செம்மரக் கூலிக்கும் அவர்களை அனுப்புவதுதான் தவறு.

எனவே அரசிடம் கேட்க வேண்டியவை எளிய விஷயங்கள். அதிரடிப்படையை எந்த மலைக்கு, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு அனுப்புகிறோம் என்பதை எழுத்தில் பதிந்து, காலம் முடிந்ததும் திரும்ப அழைக்க வேண்டும். நடவடிக்கை முடிந்தபின் அதன் கணக்கைக் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். மெத்தனால் இருப்புப் பதிவேடுகளை மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். கல்வராயன் மலைமேல் கரியாலூர் போன்ற காவல் நிலையங்களுக்கு முழு எண்ணிக்கையில் ஆளும் ஓடுகிற வண்டியும் தர வேண்டும். மலையாளி இளைஞர்களையே அந்த நிலையங்களில் காவலர்களாகச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை படை மலையேறும் படம் நாளிதழில் வரும்போது, வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இந்தப் பட்டியலில் எது நடந்திருக்கிறது என்று கேட்கட்டும்.